ஒண்ணாம் நம்பர் காற்று

மணி பதினொன்று பத்து. ஒன்றேகாலுக்குள் இந்தக் கார் கேட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் மருமகளுக்கு வேலை இல்லை.

அவள் அப்போது காருக்குள் தலைகீழாகக் கிடந்தாள். இடுப்பு முன்சீட்டில், முதுகு கால் வைக்கும் இடத்தில், தலை டேஷ்போர்டுக்கு அடியில். கால்கள் இரண்டும் சீட்டின் முதுகைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருந்தன. வாயில் கவ்விய டார்ச். நெஞ்சின் மேல் ஸ்க்ரூ டிரைவர். கூரைத் தகட்டில் மழை சரளைக்கல் கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது.

டக். டக்.

வீட்டின் முன்னறை ஜன்னலில் கைத்தடி தட்டும் சத்தம். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் யாராவது வரவும். மூன்று என்றால் போட்டது போட்டபடி ஓடிவரவும், பாத்ரூம். இடுப்பெலும்பு முறிந்த மாமியாருக்கு நடப்பதற்காக டாக்டர் கொடுத்த தடி அது. மாமியார் அதன் நுனியில் இருந்த ரப்பர் மூடியை முதல் நாளே பிடுங்கி எறிந்துவிட்டார். ரப்பர் இருந்தால் சத்தம் கேட்பதில்லை.

ஜன்னல் நாலு விரல் அளவு திறந்தது.

“ஏம்மா, காலு ரெண்டும் தெரியுது. தலை இருக்கா?”

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். “இருக்கு அத்தை.”

“இருந்தா சரி. அதுக்குத்தான் பெரிசா வேலை ஒண்ணும் இல்லையே, பத்திரமா இருக்கும்.”

ஜன்னல் மூடிக்கொண்டது. இரண்டு தட்டு வெறும் ஆஜர் எடுப்பதற்குத்தான்.

மூன்று மாதம் முன்பு சமையலறையில் வழுக்கி விழுந்தவர் மாமியார். பத்து நிமிஷம் முன்னால் அந்தத் தரையைத் துடைத்தவள் மருமகள். யாரும் அவள்மேல் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் காலக்கணக்கே அதிலிருந்துதான் ஓடியது. “நீ தரை துடைச்சதுக்கு முந்தின வாரம்”, “நீ தரை துடைச்சு ஒரு மாசம் கழிச்சு” என்றுதான் மாமியார் எதையும் சொல்வார். புருஷன் கப்பலில். ஞாயிற்றுக்கிழமை போனில் வருவான். “அம்மா எழுந்து நடக்குற வரைக்கும் வேலைய விட்டுடேன். என்ன இப்போ” என்பான். என்ன இப்போ என்று கேட்பவன் நாலு கடல் தள்ளி இருந்தான்.

விடவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை அவளுக்கு ஷிஃப்ட். படுக்கை விரிப்புகளை எண்ணி, பிரித்து, டிரம்மில் போட்டு, ஈரத்தோடு இழுத்து, சூட்டோடு மடிக்கிற வேலை. கை எரியும், இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் ஆறு டிரம்கள் சேர்ந்து சுற்றுகிற இரைச்சலில் அங்கே யார் தட்டினாலும் கேட்காது. ஒரு நாளில் அந்த ஆறு மணி நேரம்தான் அவளுக்கு அவள்.

காலையில் மாமியாரைப் பார்ப்பது அவள் முறை. மதியம் ஒரு மணிக்கு மேல் மாமனார் முறை. ஊர்க்கோடி வீடு. காலை ஏழுக்கு ஒரு பஸ், சாயங்காலம் ஐந்துக்கு ஒரு பஸ். வாடகைக் கார் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே எல்லாம் மாமனாரின் இந்தப் பழைய காரை நம்பி. ஏற்கெனவே இரண்டு தடவை தாமதம். சலவைக்கூட மேற்பார்வைக்காரி, எல்லோரும் ‘விசில்’ என்று கூப்பிடுகிற அம்மாள், போன வாரம் சத்தம் போடாமல் சொன்னாள். சத்தம் போடாததுதான் பயமாக இருந்தது. “இன்னொரு நாள் ரெண்டு மணிக்கு மேல வந்தீன்னா உள்ள வராத. பேரை அழிச்சிருப்பேன்.”

“ஸ்க்ரூ தெரியுதா?”

கார்க் கதவோரம் குடையோடு மாமனார். எட்டிப் பார்க்கும் தூரத்தில் நின்றார், தொடும் தூரத்தில் நிற்கவில்லை.

“ஒண்ணு தெரியுது மாமா. மேல இருக்கறது தெரியல.”

“தெரியலன்னா விட்டுடும்மா. கண்ணுக்குத் தெரியாத இடத்துல கைய விடக் கூடாது. கரண்ட் வேலையில முதல் பாடம் அது.”

“அதான் பேட்டரியக் கழட்டிட்டீங்களே.”

“கழட்டிட்டேன். அதைத்தான் சொல்றேன்.”

என்ன சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. பேட்டரி வயரைக் கழற்றும் வேலையை மட்டும் காலையில் அவரே செய்தார். “பானெட் பக்கம் நீ வராத, மழையில நனைவ” என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டார். ஒரே ஒரு நட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனர். அதற்கு இருபது நிமிஷம் ஆனது. அவள் வெளியே வந்தபோது அவர் விரல் முட்டியெல்லாம் சிவந்திருந்தது.

மாமனார் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். வீடு வீடாக நடந்த கால். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காலுக்கு வேலை இல்லை. மாமியார் படுத்த பிறகு வாசலைத் தாண்டவும் வழியில்லை. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, மருமகள் வீட்டில் இருக்கிற நேரத்தில், காரில் போய் உட்கார்ந்திருப்பார். கேட்டால் “பேட்டரி ஏத்துறேன்” என்பார். தினமும் ஓடுகிற வண்டிக்கு பேட்டரி ஏற்ற வேண்டியதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதற்குமேல் கேட்டதில்லை. காரைப் பின்னோக்கி எடுத்து, முகம் தெருவைப் பார்க்கும்படிதான் நிறுத்த வேண்டும் என்பது அவர் சட்டம். எந்த நிமிஷமும் கிளம்பத் தயாராக இருப்பதுபோல் அது நிற்கும். அதில் அவர் எங்கும் போனதில்லை.

தொந்தரவு இரண்டு மாதமாக. மழை நாளில் முன் கண்ணாடி உள்பக்கமாகப் புகைபோட ஆரம்பித்தது. டேஷ்போர்டு விசிறியைப் போட்டாலும் தெளியவில்லை. ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் துணி என்று துடைத்துக்கொண்டே போனவள், ஒரு நாள் கிளம்பும்போதே கேட்டுத் தூணில் உரசிவிட்டாள். மாமனார் இறங்கி வந்து தூணைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

“கண்ணாடி தெளிவா இல்லாம இனிமே வண்டி எடுக்கக் கூடாது. இன்னொரு தடவை ஆச்சுன்னா சாவி என்கிட்ட வந்துடணும்.”

அடுத்த வாரம் விசிறியின் ஒன்று, இரண்டு, மூன்று எண்களும் செத்தன. நாலு மட்டும் பேய்க் கூச்சலாக ஓடியது. நேற்று அதுவும் நின்றது. ஒர்க்‌ஷாப்பில் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அவள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பழைய கார்களை உடைத்து உதிரி விற்கிறவரிடம் போனாள். ஆள் மூக்கின்மேல் நட்டு அளவு மரு. அதனால் பெயரே நட்டு.

“ப்ளோயர் ரெசிஸ்டர்மா. விசிறி வேகத்தைக் குறைக்கிற சுருள். மூணு ஸ்பீடும் போயி நாலு மட்டும் ஓடுச்சுன்னா அது போயிருச்சுன்னு அர்த்தம். அந்தச் சூட்டுல பிளக்கும் வெந்திருக்கும், அதான் நாலும் நின்னுருச்சு.” உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டும் அதன்மேல் மூன்று கம்பிச் சுருளும் உள்ள பொருளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். “ரெண்டு ஸ்க்ரூ. ஒரு பிளக்கு. நீயே மாட்டிரலாம். ஆனா ஒண்ணு. இந்தச் சுருள் சும்மா வேகாது. விசிறிக் காத்துதான் இதைக் குளிர வைக்கும். காத்து அடைபட்டா வேகும். அதுவும் எவனோ ஒண்ணாம் நம்பர்லயே வெச்சு மணிக்கணக்குல ஓட்டியிருக்கான். மூணுல ஓட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.”

“நான் மூணுலதான் வைப்பேன்.”

“அப்போ நான் உன்னைச் சொல்லல” என்று சொல்லிவிட்டு நட்டு தன் டீயைக் குடித்தார்.

கீழ் ஸ்க்ரூ வந்துவிட்டது. மேல் ஸ்க்ரூ ஒரு இரும்புப் பட்டைக்குப் பின்னால். கண்ணால் பார்க்க வழியில்லை. இடது கையை மட்டும் மணிக்கட்டு வரை நுழைக்கலாம். கட்டை ஸ்க்ரூ டிரைவரை விரல் நுனியில் பிடித்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினாள். தோள்பட்டை மரத்தது. எண்ணிக்கொண்டே திருப்பினாள். விரிப்பு எண்ணுகிற பழக்கம். நாற்பத்தி ரெண்டில் ஸ்க்ரூ கழன்று உள்ளங்கையில் விழுந்தது. டக்கென்று மூடிப் பிடித்தாள்.

கையை இழுத்தாள். வரவில்லை.

விரித்த கையாகப் போனது, மூடிய கையாகத் திரும்பாது. திறந்தால் ஸ்க்ரூ நேராகக் கீழே விழும். கீழே விசிறிக் கூடு, வாயைத் திறந்துகொண்டு. அதில் விழுந்தால் டேஷ்போர்டையே பிரித்தாக வேண்டும். மூன்று வாரம்.

“மாமா, கை மாட்டிக்கிச்சு.”

“எப்படி?”

“ஸ்க்ரூவ விட்டா விசிறிக்குள்ள போயிரும்.”

மாமனார் குனிந்தார். குடை கதவில் இடித்தது. எதையோ சொல்ல வந்தார்.

டக். டக். டக்.

இருவரும் அப்படியே நின்றார்கள். அல்லது ஒருவர் நின்றார், ஒருத்தி கிடந்தாள்.

“போங்க மாமா. என் முறைதான், ஆனா கை இங்க இருக்கு.”

“நான் வர்ற வரைக்கும் ஆட்டாத” என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். குடையை வெளியே போட்டுவிட்டுப் போனார். அது காற்றில் உருண்டு கேட்டுவரை போய் நின்றது.

அவள் கிடந்தாள். ரத்தம் தலைக்கு இறங்கிக் காதுக்குள் துடித்தது. வீட்டுக்குள்ளிருந்து மாமியாரின் குரல், சுவரில் வடிகட்டி வந்தது. “மெதுவா… இந்தப் பக்கம் பிடிங்க… முப்பத்தெட்டு வருஷமா எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியல.” மாமனாரின் பதில் கேட்கவில்லை. எப்போதும் கேட்காது. மணிக்கட்டில் இரும்புப் பட்டையின் விளிம்பு அழுத்தியது. கையைத் திறந்தால் வேலை போச்சு. மூடியே வைத்திருந்தால் நேரம் போச்சு. கைக்குள் ஒரு ஸ்க்ரூ, கடலை அளவு. அவ்வளவு சின்னதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் முழுசாக மாட்டிக்கொள்ள முடியும் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

மூச்சை விட்டாள். கட்டைவிரலால் ஸ்க்ரூவை உள்ளங்கையிலிருந்து மெல்ல உருட்டினாள். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கொண்டுவந்து இறுக்கினாள். பிறகு கட்டைவிரலை உள்ளே மடித்துக் கையைப் பலகைபோல் தட்டையாக்கினாள். இழுத்தாள். புறங்கைத் தோல் ஓர் அங்குல அகலத்துக்கு உரிந்து பட்டையிலேயே தங்கியது. கை வந்தது. ஸ்க்ரூவும் வந்தது.

சிரிப்பு வந்தது. அழுகையாகவும் இருந்திருக்கலாம். தலைகீழாக இருக்கும்போது வித்தியாசம் தெரிவதில்லை.

பழைய ரெசிஸ்டரை வெளியே எடுத்தாள். சுருள் மூன்றும் கருகிச் சாம்பல் பூத்திருந்தன. பிளக்கில் ஒரு துளை கருத்து விரிந்திருந்தது. நட்டு சொன்னபடி கத்தி நுனியால் உள்ளே சுரண்டி, குறட்டால் லேசாக நெருக்கினாள். புதியதை மாட்டினாள். ‘க்ளிக்’ என்று உட்கார்ந்தது. மேல் ஸ்க்ரூவைத் திரும்ப நுழைக்க இன்னொரு முக்கால் மணி நேரம் பிடித்தது. நடுவில் ஒரு தட்டுக்குத் தண்ணீர் கொடுத்தாள், இரண்டு தட்டுக்கு ஆஜர் சொன்னாள். மாமியாருக்கு சூப்பைச் சூடாக்கி ரொட்டி பிய்த்துப் போட்டு வைத்தாள். தன் பங்கை நின்றபடி குடித்தாள்.

“கையில என்ன ரத்தம்?” என்றார் மாமியார்.

“இரும்பு கிழிச்சிருச்சு அத்தை.”

“பாத்து. சூப்புல விழப்போகுது.” ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். “இவ்வளவு பாடுபட்டு எதுக்கு? ஆஸ்பத்திரித் துணிய எண்ணத்தானே? இந்த வீட்டுத் துணிய எண்ணத் தெரியல உனக்கு. நீ தரை துடைச்சு ஒரு மாசத்துல என் மஃப்ளர் காணாமப் போச்சு. அவருக்குன்னு நான் பின்னின மஃப்ளர். குஞ்சம் மட்டும் நாப்பது. எந்த நோயாளி கழுத்துல கிடக்குதோ.”

“நான் எடுத்துட்டுப் போகல அத்தை.”

“நீ எடுத்தேன்னு சொல்லல. துணியோட துணியாப் போயிருக்கும்னு சொல்றேன்.”

வாசற்படியில் நின்றிருந்த மாமனார் மழையைப் பார்த்தார்.

மணி பன்னிரண்டு ஐம்பது. மாமனார் பேட்டரி வயரை மாட்டிவிட்டு பானெட்டை அறைந்து மூடினார். மருமகள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் பிடித்தது. விசிறிக் குமிழை ஒன்றில் வைத்தாள். டேஷ்போர்டுக்குள் மெல்லிய முனகல். இரண்டு. மூன்று. நாலு. நாலும் நாலு விதமாகப் பாடின.

“ஓடுது மாமா.”

“ஓடுதா” என்றார் மாமனார். சந்தோஷப்பட்ட குரல் இல்லை.

காற்றுத் துவாரத்தில் உரிந்த புறங்கையை வைத்தாள். காற்று இல்லை. ஏதோ கிழவன் ஊதுவதுபோல் லேசாக ஓர் அசைவு. விசிறி அலறியது, காற்று வரவில்லை. அவள் மூச்சு பட்டே முன் கண்ணாடி வெள்ளையாகப் புகைபோட்டது. தெரு மறைந்தது. கேட்டு மறைந்தது.

மாமனார் கதவுப்பக்கம் வந்து கையை நீட்டினார்.

“கண்ணாடி தெளியலம்மா. சாவியக் குடு.”

“மாமா, விசிறி ஓடுது. காத்துதான் வரல. எங்கயோ அடைச்சிருக்கு.”

“மூணு வாரம் கழிச்சு ஒர்க்‌ஷாப்ல பாத்துக்கலாம். நீ பண்ண வரைக்கும் போதும். இன்னைக்கு வேண்டாம்.”

“இன்னைக்கு வேண்டாம்னா அப்புறம் என்னைக்கும் இல்ல மாமா. பேரை அழிச்சிருவாங்க.”

“வீட்ல இரேன் கொஞ்ச நாள். நாள் பூரா நீ இருந்தா அவளுக்கும் நல்லது.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கையின் விரல் முட்டிகள். இன்னும் சிவப்பு. ஒரு நட்டுக்கு இருபது நிமிஷம். பானெட் பக்கம் நீ வராத. காத்து அடைபட்டா வேகும்.

அவள் என்ஜினை அணைத்தாள், சாவியைக் கொடுக்கவில்லை. குனிந்து ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த பிடியை இழுத்தாள். முன்னால் பானெட் ‘டொக்’ என்று விடுபட்டது. இறங்கி ஓடினாள். அவள் போவதற்குள் மாமனாரின் இரண்டு உள்ளங்கைகளும் பானெட்டின் மேல் இருந்தன.

“அங்க ஒண்ணும் இல்லம்மா.”

“கையை எடுங்க மாமா.”

“சொல்றேன்ல, ஒண்ணும் இல்ல.”

“இல்லன்னா ஏன் பிடிச்சிருக்கீங்க?”

மழை இருவர் தலையிலும் விழுந்தது. மாமனார் அவளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் மாமியாரின் முகம், நெற்றி ஒட்டிய இடத்தில் ஒரு வட்டப் புகை.

“அவ பாக்குறா” என்றார் மெதுவாக.

“பானெட்டைத் தூக்கினா பாக்க முடியாது. சுவர் மாதிரி நிக்கும்.”

அவர் கையை எடுத்தார்.

பானெட் எழுந்தது. ஜன்னல் மறைந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் சல்லடை வாய். அதில் பழுப்பு நிறத்தில், நனைந்து ஊறி, பாதி உள்ளே போய், பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது மஃப்ளர். ஒரு ஓரத்தில் குஞ்சங்கள். எண்ணினால் நாற்பது இருக்கும்.



“காலைல இழுத்துப் பாத்தேன்” என்றார் மாமனார். “வரல. விசிறி உள்ள இழுத்துருச்சு. குஞ்சம் சல்லடையில சிக்கிக்கிச்சு.”

“எதுக்கு மாமா இங்க வெச்சீங்க?”

“வெளிக்காத்தை அடைக்கிற லிவர் உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. சூட்டுக்கு விசிறியப் போட்டு உக்காந்தாலும் வெளிக்காத்து சில்லுனு வந்துச்சு. கழுத்துல இது இருந்துச்சு. திணிச்சேன். எடுக்கணும்னுதான் நினைச்சேன், அப்புறம் மறந்துட்டேன். அவ கேக்க ஆரம்பிச்ச பிறகு, பானெட்லேர்ந்து எடுத்துட்டு எப்படி உள்ள போறது? வண்டில ரெண்டு மணி நேரம் உக்காந்து என்ன பண்றேன்னு கேப்பா.”

“என்ன பண்றீங்க?”

“ஒண்ணும் பண்றதில்ல.” முகத்தில் வழிந்த மழையை வழித்தார். “முப்பத்தொரு வருஷம் வீடு வீடாப் போனேன்மா. எந்த வீட்லயும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல நின்னதில்ல. இப்போ ஒரே வீடு.”

அவள் மஃப்ளரின் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“கண்ணாடி புகைபோட்டது இதனாலதான்.”

“ம்.”

“தூண்ல இடிச்சதும்.”

“ம்.”

“எப்போ தெரியும் உங்களுக்கு?”

“இடிச்ச அன்னைக்கே. துடைச்சுத் துடைச்சும் தெளியலன்னு சொன்னியே. அப்பவே புரிஞ்சுது.”

“புரிஞ்சப்புறமும் சாவிய வாங்கிருவேன்னு சொன்னீங்க.”

அவர் தூணைப் பார்த்தார். அதில் இருந்த வெள்ளைக் கீறல் மழையில் பளிச்சென்றிருந்தது.

“நீ நாள் பூரா வீட்ல இருந்தா…” என்று தொடங்கினார். நிறுத்தினார். “வண்டி நாள் பூரா இங்கயே நிக்கும்ல.”

அவளுக்குப் புரிந்தது. புறங்கை இப்போதுதான் எரிய ஆரம்பித்தது. அவளுடைய அந்த ஆறு மணி நேரம் இவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. கெட்ட மனுஷர் இல்லை. நீரில் முங்குகிறவன் பக்கத்தில் இருப்பவளின் தோளை அமுக்குவதற்கு அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை.

டக். டக்.

“என்ன அங்க?” ஜன்னல் திறந்து குரல் வந்தது. “பானெட்டைத் தூக்கி வெச்சுக்கிட்டு மாமனும் மருமகளும் ரகசியம்? மணி ஒண்ணு ஆச்சு. வண்டி கிளம்புதா, இல்ல கண்காட்சியா?”

மஃப்ளரை இழுத்துக்கொண்டுபோய் ஜன்னலில் காட்டினால் போதும். இரண்டு மாதத் திருட்டுப்பழி ஒரே வீச்சில் கழுவப்படும். மாமனார் அவள் முகத்தைப் பார்த்தார், மீட்டரில் எண் ஓடுவதைப் பார்ப்பதுபோல்.

அவள் கத்தியை எடுத்தாள்.

“இழுத்துப் பிடிங்க. நான் அறுக்கறேன்.”

ஒவ்வொரு குஞ்சமாகச் சல்லடையிலிருந்து அறுத்தாள். மாமனார் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். பதினேழு குஞ்சம் அறுந்து உள்ளே விழுந்தது. பதினெட்டாவதில் மஃப்ளர் பொதக்கென்று வெளியே வந்தது, பின்வாங்கிய மாமனார் கேட்டில் போய் முட்டிக்கொண்டார். விழுந்த நூல்களை விரலால் நோண்டி எடுத்தாள். மஃப்ளரைப் பிழிந்து சுருட்டித் தன் வேலைப்பைக்குள், சீருடைக்கு அடியில் திணித்தாள்.

“அங்க துவைச்சு எடுத்துட்டு வர்றேன். கொடியில கிடந்துச்சுன்னு நீங்களே கொண்டுபோய்க் குடுங்க.”

“குஞ்சம்?”

“எலி கடிச்சிருக்கும்.”

மாமனார் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. சட்டைப்பைக்குள் கைவிட்டு இரண்டாவது சாவியை எடுத்தார். அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“இதையும் வெச்சுக்க.”

“வேண்டாம் மாமா. காலைல பத்துலேர்ந்து பன்னெண்டு வண்டி உங்களுது. அதுல நான் தலையிட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. துணி எதுவும் வைக்காதீங்க. விசிறிய ஒண்ணுல வைக்காதீங்க, மூணுல வைங்க. ஒண்ணுலயே ஓட்டினதாலதான் சுருள் வெந்துருச்சாம்.”

“மூணுல வெச்சா…” என்றார் அவர். மீதியைச் சொல்லவில்லை. பானெட்டை இறக்கினார். சுவர் இறங்கியதும் ஜன்னல் வந்தது, ஜன்னலில் முகம் வந்தது.

“தூண் இடிச்சது அவ தப்பில்ல” என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார். மூன்று மாதத்தில் அவர் அந்த வாசலில் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. “வண்டி தப்பு.”

“வண்டிக்கு வக்காலத்தா?” என்றது ஜன்னல். “சரி சரி, உள்ள வாங்க. நனைஞ்சு நிக்கறீங்க. தலைய யாரு துவட்டுறது? நான் எழுந்து வரவா?”

மருமகள் சாவியைத் திருப்பினாள். குமிழை மூன்றில் வைத்தாள். காற்று முகத்தில் அறைந்தது. கண்ணாடியின் அடி விளிம்பில் ஒரு தெளிந்த பிறை தோன்றி, மேலே மேலே ஏறியது. தெரு வந்தது. எதிர்வீட்டுக் குழாய் வந்தது. வானம் வந்தது.

கேட்டுவரை ஊர்ந்து, தூணுக்கு ஒரு சாண் இடம் விட்டு நிறுத்தி, பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

கார் நின்றிருந்த இடம் வெளுத்த செவ்வகமாக, நனையாமல் கிடந்தது. அதற்குள் மாமனார் நின்றிருந்தார். வலது பக்கமாக, சரியாக டிரைவர் சீட்டு இருந்த இடத்தில், முகம் தெருவைப் பார்த்து. மழை செவ்வகத்தின் நாலு ஓரத்திலிருந்தும் உள்ளே தின்றுகொண்டு வந்தது.

அவருக்குப் பின்னால் ஜன்னலில் தடி ஏறி இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணாடியில் தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. விசிறி இரைந்துகொண்டிருந்தது.

அவள் குமிழை இரண்டுக்குத் திருப்பினாள். தடி மறுபடி ஏறி இறங்கியது. கேட்கவில்லை.

ஒன்றுக்குத் திருப்பினாள்.

டக். டக். டக்.

மெல்லியதாக, ஆனால் துல்லியமாக. அவர் காரில் உட்காரும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவள் முறை. அவர் போக வேண்டியதில்லை. இருந்தும் அவர் ஒன்றில்தான் வைத்திருந்தார்.

மாமனார் அதற்குள் திரும்பி வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். செவ்வகம் முழுக்க நனைந்துவிட்டது.

மணி ஒன்று பதினாலு. முன் கண்ணாடியில் புள்ளியளவு புகைகூட இல்லை. மருமகள் ஒரு நிமிஷம் குமிழின் மேல் விரலை வைத்திருந்தாள்.

பிறகு அதை நாலுக்குத் திருப்பிவிட்டு, கிளட்சை விட்டாள்.